விளக்கெண்ணெயில் ஓடிய விமானம்

அந்தமானின் தலைநகராகிய போர்ட் பிளேருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அந்நகரின் கடலோரப் பகுதிகளுள் ஒன்று மின்னி பே. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விமானத்தின் ஓசை புதிதன்று. சென்னையிலிருந்து கப்பலேறினால் மூன்று நாட்கள் கழியும். விமானத்திலோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஊரில் தாய்க்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்தால், இந்த வேறுபாட்டின் அருமை நன்கு விளங்கும். அந்த இரண்டு மணி நேரமும் கீழே கடலைத் தவிர வேறொன்றுமில்லை. ஆயினும் எஞ்சின் நின்றுவிடுமோ என்று நாம் அஞ்சுவதில்லை. இந்த நம்பிக்கை எவ்வாறு பிறந்தது? அதை அறிய, விமானம் குழந்தையாக இருந்த காலத்திற்குச் சற்றுச் சென்று வருவோம்.

1903-ஆம் ஆண்டில் ரைட் சகோதரர்கள் பறந்து காட்டிய பின்னரும் ஒரு பெரிய இடர்ப்பாடு எஞ்சியிருந்தது. அக்காலத்து எஞ்சின்கள் மிகுந்த கனமுடையவை. அவற்றைக் குளிர்விக்கத் தண்ணீரும், தண்ணீரைச் சுமக்கத் தொட்டியும் வேண்டியிருந்தன. தண்ணீரை நீக்கிக் காற்றாலேயே குளிர்விக்கலாமென்றால், மெதுவாகச் செல்லும் விமானத்தில் போதிய காற்று எஞ்சின்மீது படுவதில்லை.

பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த செகன் சகோதரர்கள் இதற்கொரு வியப்பான வழி கண்டனர். காற்று எஞ்சினிடம் வரவில்லையாயின், எஞ்சினே காற்றில் சுழலட்டும் என்பதே அவ்வழி. 1908-ஆம் ஆண்டில் அவர்கள் உலகிற்குக் காட்டிய எஞ்சினின் பெயர் நோம். அதில் ஏழு சிலிண்டர்கள் விண்மீன் வடிவில் அமைந்திருந்தன. அது தந்த ஆற்றல் 50 குதிரைச் சக்தி. எடையோ ஏறத்தாழ 75 கிலோகிராம்தான்.

சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் நிலையாக நிற்கும். நடுவிலுள்ள கிராங்க் தண்டு சுழலும். சுழல் எஞ்சினிலோ இது தலைகீழ். தண்டு விமானத்தின் உடலோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். சிலிண்டர்கள் அனைத்தும், அவற்றோடு இணைந்த விசிறியும், அத்தண்டைச் சுற்றி நிமிடத்திற்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுழலும். சிலிண்டர்கள் ஒரு மையத்தைச் சுற்றுகின்றன. உள்ளிருக்கும் பிஸ்டன்களோ சற்று விலகிய வேறொரு மையத்தைச் சுற்றுகின்றன. இவ்விரு வட்டங்களும் விலகி நிற்பதால், பிஸ்டன் சிலிண்டருக்குள் ஏறி இறங்குவது போன்ற விளைவு உண்டாகிறது. எஞ்சினும் அதிர்வின்றி ஓடுகிறது.

ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீப்பொறி பெறும். 1, 3, 5, 7, 2, 4, 6 என ஒன்றுவிட்டு ஒன்றாக முறை வரும். அதனால்தான் சிலிண்டர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும். இரட்டைப்படையாயின் இந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

இனி நம் பாட்டிமார்களுக்கு நன்கு தெரிந்த பொருளுக்கு வருவோம். அதுதான் விளக்கெண்ணெய்! சுழல் எஞ்சினில் பெட்ரோல் கலந்த காற்று, குழாய் போன்ற தண்டின் வழியே எஞ்சினின் வயிற்றுக்குள் செல்கிறது. மசகெண்ணெயும் அங்கேயே இருக்கிறது. மற்ற எண்ணெய்களாயின் பெட்ரோலில் கரைந்து மசகுத்தன்மையை இழந்துவிடும். ஆமணக்கெண்ணெய் எளிதில் அவ்வாறு கரைவதில்லை, வெப்பத்தையும் தாங்கும். ஆகவே அதையே ஊற்றினார்கள். ஒரு முறை சென்ற எண்ணெய் திரும்புவதில்லை. புகையோடு வெளியே தெறித்து விமானியின் முகத்திலும் வாயிலும் படியும். அதன் பின்விளைவு யாது என்பதைக் குழந்தைப் பருவத்தில் அதைக் குடித்த நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. இன்று உலகிலேயே மிகுதியாக ஆமணக்கு விளைவது நம் நாட்டில்தான். குஜராத்தில் வாழும் தமிழர்கள் அவ்வயல்களை நேரில் கண்டிருப்பர்.

இத்தகைய எஞ்சின் நம் நாட்டு வானிலும் ஒலித்தது. 1911-ஆம் ஆண்டு ஜனவரியில், ஜூலெரோ என்னும் பிரெஞ்சு விமானி, நோம் எஞ்சின் பூட்டிய பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தைக் கல்கத்தாவில் பறக்கவிட்டார். பின்னர் தக்காணத்தில் நடந்த குதிரைப்படைப் பயிற்சியில், ஓர் இராணுவ அதிகாரியை ஏற்றிக்கொண்டு வேவு பார்க்கவும் சென்றார்.

ஆயினும் சுழல் எஞ்சின் எளிதில் அடங்குவதன்று. பம்பரத்தைப் பக்கவாட்டில் தட்டினால், தட்டிய திசையில் சாயாமல் வேறு திசையில் அது சாய்வதைக் கண்டிருக்கிறோம். முன்முனையில் சுழலும் எஞ்சினும் ஒரு பெரிய பம்பரமே. முதல் உலகப் போரில் புகழ்பெற்ற சோப்வித் கேமல் விமானத்தை வலப்புறம் திருப்பினால் மூக்கு தாழும். இடப்புறம் திருப்பினால் மூக்கு உயரும். வேகத்தைக் குறைப்பதும் எளிதன்று. தரையிறங்கும்போது பொத்தானை அழுத்தித் தீப்பொறியை விட்டுவிட்டு நிறுத்துவார்கள். அப்போது எரியாமல் தேங்கும் பெட்ரோல், மீண்டும் பொறி பட்டதும் வெளியே சுவாலையாய் எழுதலும் உண்டு. பெட்ரோலின் அளவைத் தக்க நேரத்தில் சீர்செய்யத் தவறினால், கிளம்பிய சில நொடிகளிலேயே எஞ்சின் திணறும். பகைவரைக் காணுமுன்னரே பயிற்சிக் களத்தில் மாண்ட இளைஞர் பலர். அந்தக் கேமலைத் திறம்பட ஓட்டியவர்களுள் நம் நாட்டு ஹர்தித் சிங் மாலிக்கும் ஒருவர். 1917-ஆம் ஆண்டு அக்டோபரில், காலில் குண்டு பாய்ந்த நிலையிலும் அவர் உயிரோடு தரைசேர்ந்தார்.

போர் முடிந்ததும் சுழல் எஞ்சினின் காலமும் முடிந்தது. வேகம் இரு மடங்கானால், காற்றைக் கிழித்துச் சுழல்வதற்கே ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றல் செலவாகும். அதற்குமேல் அதை வளர்க்க வழியில்லை. விண்மீன் வடிவத்தை வைத்துக்கொண்டு சிலிண்டர்களை மட்டும் நிலைநிறுத்திய எஞ்சின்கள் தோன்றின. டகோட்டா விமானத்தின் இரு எஞ்சின்களும் அவ்வகையினவே. ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், 1,200 குதிரைச் சக்தி. அத்தகைய டகோட்டா ஒன்றை நம் விமானப்படை 2018-ஆம் ஆண்டு முதல் தன் பழம்பெரும் விமானங்களோடு பேணிவருகிறது. இங்கிலாந்தில் ஓல்ட் வார்டன் என்னுமிடத்தில் சுழல் எஞ்சின் பூட்டிய ஆவ்ரோ 504 விமானத்தையும் பறக்கும் நிலையில் வைத்துள்ளார்கள். நியூசிலாந்தில் பழைய வடிவமைப்பின்படி புதிய சுழல் எஞ்சின்களையே செய்திருக்கிறார்கள்.

காட்சிசாலையில் நிறுத்தி வைத்தால் போதாதோ என்று கேட்கலாம். போதாது. எந்த ஓசை வந்தால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும், எந்த நொடியில் பொத்தானை விட வேண்டும் என்பவை ஏட்டில் முழுதும் அடங்குவன அல்ல. கையும் காதும் கற்பவை. ஓட்டுவோர் அற்றுப்போனால் எஞ்சின் வெறும் இரும்பாகிவிடும். பிற மாநிலங்களில் வாழ்ந்துகொண்டு தம் மக்களுக்குத் தமிழைப் பேசிப் பேசியே கற்பிக்கும் நேயர்கள் இவ்வுண்மையை நன்கு அறிவார்கள்.

அடுத்த முறை மின்னி பேயின்மீது விமானம் ஒன்று தாழ்ந்து செல்லுங்கால் சற்றே அண்ணாந்து பாருங்கள். அதன் சீரான ஓசைக்குப் பின்னே, எண்ணெய் படிந்த முகத்தோடு பறந்து பார்த்த அந்த இளைஞர்களின் துணிவும் இருக்கிறது.