வளராத பவளத்துக்கு நாடி பார்ப்பது

பீங்கான் வில்லையில் பசை வைத்து ஒட்டிய, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஓர் அக்ரோபோரா பவளத் துண்டு. தொட்டிக்குள் பாறை இடுக்கில் அதைப் பதித்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நிறம் மங்கவில்லை. விளக்கு அணைந்ததும் பாலிப்புகள் பூத்தாற்போல விரிகின்றன. மீன்களும் நலம். ஆனால் வைத்த அன்று எடுத்த படத்தையும் இன்று எடுத்த படத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. கடலில் இதே இனத்தைச் சேர்ந்த மான்கொம்புப் பவளங்கள் வருடத்துக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் கிளை நீட்டுகின்றன. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வேரூன்றி, இன்று உலகின் பல நகரங்களில் பரவியிருக்கும் வீட்டுப் பவளத் தொட்டிக் கலையில் இதைப்போல ஆளை வாட்டும் கேள்வி வேறில்லை. சாகவும் இல்லை, வளரவும் இல்லை, கோளாறு எங்கே?

சில சமயம் கோளாறே இருக்காது. புது இடத்தில் வைத்த துண்டு முதலில் கால் ஊன்றிக்கொள்ளும், பிறகுதான் தலை தூக்கும். வில்லையின் மேல் காகிதத் தடிமனில் சதை படர்ந்து, பசையை மூடி, ஓரத்தில் வெண்மையான ஒரு கரையை விட்டுக்கொண்டே போகும். மேல்நோக்கிய வளர்ச்சியை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படாது. இனத்துக்கு இனம் வேகமும் வேறு. உருண்டைப் பாறைபோல வளரும் போரைட்டஸ் கடலிலேயே வருடத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் பருக்கும். அதனிடம் மான்கொம்பின் வேகத்தை எதிர்பார்ப்பது பனையிடம் முருங்கையின் வேகத்தைக் கேட்பதுபோல. மாதம் ஒருமுறை, அதே விளக்கில், அதே கோணத்தில் படமெடுத்து அடிப்பாகத்தின் அகலத்தையும் குறித்து வந்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

மீதிக் கவலைக்குத்தான் வைத்தியம் வேண்டும். அதற்கு முன், வளர்ச்சி என்றால் என்ன என்று பார்த்துவிட வேண்டும்.

பவளம் ஒரு விலங்கு. அதன் சதைக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பகுதியைத் தங்கியிருக்கும் உடலுக்கே கொடுத்துவிடுகின்றன. அந்தச் சக்தியைக் கொண்டு பவளம் கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் பிரித்தெடுத்து, அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கல்லாகத் தன் அடியில் படியவைக்கிறது. ஜமைக்காவில் பணியாற்றிய தாமஸ் கோரோ, கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு இந்தப் படிவை அளந்து 1959-இல் முடிவுகளை வெளியிட்டார். வெளிச்சத்தில் கல் படியும் வேகம் இருட்டில் இருப்பதைவிடத் தெளிவாக அதிகம். பின்னாளில் பலர் செய்த அளவீடுகளின் சராசரி, ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆக, பவளம் வளர்கிறது என்றால் தண்ணீரிலிருந்து கல் குறைகிறது என்று பொருள். இதை அளக்க முடியும். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

இயற்கைக் கடல்நீரில் ஒரு லிட்டருக்குக் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம். கார்பனேட், பைகார்பனேட் இருப்பைச் சொல்லும் காரத்தன்மை, பவளம் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் ஜெர்மானிய அளவான கேஎச்-சில் சுமார் 7. ஒரே நாளில் இது ஓர் அலகு இறங்கினால் 200 லிட்டர் தொட்டியில் மூன்றரை கிராம் சுண்ணாம்புக்கல் உருவாகியிருக்கிறது என்று கணக்கு. அதே நாளில் கால்சியம் எவ்வளவு குறையும்? லிட்டருக்கு 7 மில்லிகிராம்தான். ஏழில் ஒன்று போனால் உடனே தெரியும். 420-இல் 7 போனால் வீட்டுச் சோதனைப் பெட்டியின் பிழை வரம்புக்குள் அது மறைந்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் கால்சியத்தை வாரம் ஒருமுறை பார்க்கிறார்கள், காரத்தன்மையைத் தினமும் பார்க்கிறார்கள்.

சோதனை எளியது. சின்னக் கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர். அதில் மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதல் சொட்டிலேயே நீலம் ஏறும். ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே போகும்போது நீலம் பச்சைச் சாயலுக்குத் தடுமாறி, அடுத்த சொட்டில் சட்டென்று மஞ்சளாகிவிடும். எத்தனை சொட்டோ அத்தனை கேஎச். 10 மில்லி தண்ணீர் எடுத்தால் ஒரு சொட்டு அரை அலகாகிவிடும், துல்லியம் கூடும். மருந்து எதுவும் சேர்க்காமல் இன்று காலை ஒருமுறை, நாளை அதே நேரத்தில் ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொட்டியின் நாடி.

அந்த நாடி இரண்டு விதமாகப் பேசும். காரத்தன்மை தினமும் இறங்குகிறது, ஆனால் யாரும் ஈடு செய்யவில்லை என்றால் பவளம் வேலை செய்யத் தயாராக இருக்கிறது, கல்தான் கிடைக்கவில்லை. காரத்தன்மை அசையவே இல்லை என்றால் கதை வேறு. கல் வாசலில் குவிந்திருக்கிறது, கொத்தனார் வேலைக்கு வரவில்லை. இந்த இரண்டாவது தொட்டியில் கால்சியம் பாட்டில் பாட்டிலாக ஊற்றி எந்தப் பயனும் இல்லை. புதியவர்கள் பணத்தையும் பவளத்தையும் இழப்பது பெரும்பாலும் இங்கேதான்.

நாடியைத் தவறாகப் படிக்கவும் வாய்ப்புண்டு. கண்ணாடியிலும் பாறையிலும் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசியும் இதே சரக்கைத்தான் சாப்பிடுகிறது. ஹீட்டர் மேலும் மோட்டாருக்குள்ளும் வெள்ளையாகக் கல் படிந்திருந்தால், பவளத்துக்குப் போக வேண்டியது தானாகவே படிந்து வீணாகிறது. மக்னீசியம் போதுமான அளவு இல்லாதபோது இது அதிகமாக நடக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் உப்பின் அளவைச் சரிபார்க்க வேண்டும். 1,000-க்கு 35 இருக்க வேண்டிய உப்பு 31-க்கு இறங்கியிருந்தால் கால்சியம், மக்னீசியம் எல்லாமே குறைவாகத்தான் காட்டும். அங்கே குறைவது உப்பு மட்டுமே.

முதல் வகைத் தொட்டிக்கு மருந்து சுலபம். சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் காரத்தன்மை ஏறும். 200 லிட்டரில் ஓர் அலகு ஏற்ற 6 கிராம் போதும். கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு. ஆனால் இரண்டையும் ஒரே கரைசலில் போடும் பழைய மருந்து ஒன்று உண்டு, அதுதான் சுண்ணாம்புத் தண்ணீர். பீட்டர் வில்கென்ஸ் என்பவர் 1970-களில் இதைப் பவளத் தொட்டிகளில் பரவலாக்கினார். சுத்தமான நீர்த்த சுண்ணாம்பைக் கலக்கித் தெளியவிட்டு, தெளிவை மட்டும் எடுத்து, தொட்டியில் ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாகச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். 200 லிட்டர் தொட்டியில் தினமும் 2 லிட்டர் ஆவியானால், அந்த 2 லிட்டர் தெளிவிலேயே ஏறத்தாழ ஓர் அலகு காரத்தன்மையும் அதற்குரிய கால்சியமும் வந்துவிடும். கடுங்காரம் என்பதால் மொத்தமாகக் கொட்டினால் உயிர்கள் கருகும்.

வாளியில் தெளிய வைத்த சுண்ணாம்புத் தண்ணீரை மூடாமல் விட்டால் சில மணி நேரத்தில் மேலே மெல்லிய ஆடை படியும். விரலால் தொட்டால் கண்ணாடிச் செதிலாக உடையும். பள்ளியில் குழாய் வைத்து ஊதி சுண்ணாம்புத் தண்ணீரைப் பால்போல ஆக்கிக் காட்டுவார்களே, அதே வேதியியல்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து கல்லாகிறது.

இதே வாயுதான் இரண்டாவது வகைத் தொட்டியின் முதல் சந்தேகக் குற்றவாளி. கல்லைப் படியவைக்கும்போது பவளம் ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளியாக வேண்டும். சுற்றியுள்ள தண்ணீரின் பிஎச் குறைவாக இருந்தால் அந்தத் தள்ளுதலுக்கு அதிகச் சக்தி செலவாகும். திறந்த வெளிக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கு அளவு. ஜன்னலை அடைத்துக்கொண்டு நான்கு பேர் இருக்கும் அறையில் அது எளிதாக 1,000-ஐத் தாண்டும். அந்தக் காற்றைத்தான் தொட்டித் தண்ணீர் சுவாசிக்கிறது. கடலில் 8.1 இருக்கும் பிஎச் தொட்டியில் 7.8-க்கு விழும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து வீடுகளை அடைத்ததும் பவளத் தொட்டிகளின் பிஎச் இறங்குவது அங்குள்ளவர்களுக்குப் பழகிப்போன விஷயம். பரிகாரமும் அங்கேயே பிறந்தது. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர் என்னும் கருவிக்குக் காற்றை இழுக்கும் குழாயை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிடுகிறார்கள். சில அடி பிளாஸ்டிக் குழாய் செய்யும் வேலையை விலையுயர்ந்த மருந்துகள்கூடச் செய்வதில்லை.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது மன்னார் வளைகுடாவைச் சொல்லாமல் போக முடியாது. தூத்துக்குடிக் கரையோரத்தில் பல ஆண்டுகளாகப் பவளக் கற்களை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கியதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001 முதல் கல் பவளங்கள் அனைத்தும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இந்தியக் கடலிலிருந்து ஒரு சிறு துண்டை உடைத்து வந்து தொட்டியில் வைப்பதும் குற்றமே. வைக்கவும் கூடாது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் எழுந்த பாறை அது.

பிஎச் சரியாக இருந்தும் நாடி அசையவில்லையா? அடுத்தது பாஸ்பேட். மீனுக்குப் போடும் தீவனத்திலிருந்து இது சேருகிறது. வளரும் கல்லின் முகப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கு படிவதைத் தடுக்கும். ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில் ஒரு திட்டுப் பவளப்பாறைக்கு மாதக்கணக்கில் பாஸ்பேட்டும் நைட்ரஜனும் ஊட்டிப் பார்த்த கின்சி, டேவிஸ் இருவரும், கல் படிவது பாதிக்குமேல் குறைந்ததை 1979-இல் பதிவு செய்தார்கள். இதைப் படித்த ஒரு தலைமுறை வளர்ப்பாளர்கள் பாஸ்பேட்டைச் சுழியத்துக்குத் துடைத்தெடுக்கப் பாடுபட்டார்கள். விளைவு வேறுவிதமாகக் கேடாயிற்று. பாசிக்கும் பவளத்துக்கும் கொஞ்சம் பாஸ்பேட், கொஞ்சம் நைட்ரேட் இல்லாமல் சதை வளராது. சத்து மிகுந்தால் பவளம் பழுப்பேறும், ஏனென்றால் உள்ளே பாசி பெருகிவிடுகிறது. பட்டினி கிடந்தால் வெளிறி, சோகை பிடித்தாற்போல இளநிறமாகும். லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை பாஸ்பேட் இருப்பது பெரும்பாலான தொட்டிகளுக்கு ஒத்துவருகிறது.

ஒளியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நீரோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். பவளத்தின் தோலை ஒட்டி அசையாத நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். கார்பனேட் உள்ளே வருவதும் கழிவு வெளியே போவதும் அதைக் கடந்துதான். ஓட்டம் வலுத்தால் படலம் மெலியும். இரண்டு வருடம் நன்றாக வளர்ந்த பவளம் திடீரென்று தயங்குவதற்குக் காரணம் பல வீடுகளில் இதுவே. கிளைகள் அடர்ந்து தங்களுக்குள்ளேயே தண்ணீரை மறித்துக்கொள்கின்றன. மோட்டாரின் விசிறியில் கல் படிந்து வேகமும் குறைந்திருக்கும். வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டுத் தேய்த்தால் மோட்டார் பழையபடி ஓடும். விளக்கின் கண்ணாடியில் உப்புத் திவலைகள் காய்ந்து மங்கியிருந்தால் அதையும் துடைத்துவிடலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஒரே ஒரு பவளம் மட்டும் தேய்கிறதென்றால் பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டும். அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு ஒன்று இருக்கிறது. பவளச் சதையின் நிறத்திலேயே, ஏறக்குறைய ஒளிபுகும் மெல்லிய இலைபோலக் கிளையோடு அப்பிக்கிடக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. பிப்பெட்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பிடி விட்டுச் சுருண்டு மிதக்கும். அது மேய்ந்த இடத்தில் வட்ட வட்டமாக வெளிறிய கடிதடங்கள். கிளையின் அடியில், சதை இல்லாத பகுதியில், பழுப்புப் புள்ளிகளாக முட்டைகள். இந்தப் புழுவைத் தொட்டி வைத்திருப்பவர்கள்தான் முதலில் அறிந்தார்கள். 2011-இல் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. கடலில் அது கண்ணில் பட்டது அதற்கும் பிறகுதான். மருந்துக் குளியல் புழுவைக் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. முட்டைகளைச் சுரண்டியெடுத்து, குஞ்சு பொரியும் இடைவெளி பார்த்துத் திரும்பத் திரும்பக் குளிப்பாட்ட வேண்டும்.

பவளம் எந்த வேகத்துக்குத் தயாராக இருக்கிறது என்பதை ஃப்ளோரிடாவின் மோட் கடல் ஆய்வகத்தில் டேவிட் வான் தற்செயலாகக் கண்டார். தொட்டியின் தரையில் ஒட்டிக்கொண்ட எல்க்கொம்புப் பவளத்தைப் பெயர்த்தபோது அது உடைந்து சில பாலிப்புகள் அங்கேயே தங்கிவிட்டன. செத்துவிடும் என்று நினைத்த துணுக்கு சில வாரங்களில் பெருகிப் படர்ந்திருந்தது. வெட்டுப்பட்ட ஓரம் காயத்தை ஆற்ற முனைந்து அசாதாரண வேகத்தில் வளர்கிறது. நகக்கண் அளவு துண்டுகளாக அறுத்து வளர்த்து, அவை ஒன்றோடொன்று கூடுமாறு கடலில் பதிக்கும் முறை அதிலிருந்து உருவானது.

வீட்டுத் தொட்டியில் வைத்தியம் பார்ப்பவருக்கு ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், பிறகு மூன்று நான்கு வாரம் பொறுமை. விளக்கைக் கூட்டி, மருந்தை மாற்றி, பவளத்தையும் இடம் பெயர்த்தால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே குழாயை நீட்டினால் அதை மட்டும் செய்துவிட்டுத் தினமும் சொட்டுகளை எண்ணலாம். அரை அலகு இறங்கிக்கொண்டிருந்த காரத்தன்மை முக்கால் அலகு இறங்கத் தொடங்கும். கிளை நுனிகள் அரிசி முனைபோல வெளுக்கும். நேற்றுவரை போதுமாயிருந்த சுண்ணாம்புத் தண்ணீர் அடுத்த மாதம் போதாமல் போகும். அப்போது மறுபடியும் கண்ணாடிக் குழாயில் 10 மில்லி எடுத்து முதல் சொட்டிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.