நிலவரைக் கிணறும் கணினிக் கணக்கும்

யாழ்ப்பாணத்துப் புத்தூரை அடுத்த நிலவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தே உவர்நீர். சுண்ணாம்புக் கல்லினூடே புகுந்த கடல்நீரின்மேல் பாரங்குறைந்த மழைநீர் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். ஆகவே இறைப்பு மிகுந்து நன்னீர்மட்டம் 1 அடி தாழ்ந்தே நிற்குமாயின், உவர்நீர் நாளடைவில் 40 அடி உயரும்.

இவ்விரு நீர்களின் ஓட்டத்தைக் கணிக்கும் 'சீவாட்' என்னும் மென்பொருளை, எவரும் படித்துத் திருத்தத்தக்க மூலநிரலுடன், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாக வழங்கியுள்ளது. கற்கப் புகுவோர் குடாநாட்டை உடனே கணிக்க முற்படலாகாது. 1964இல் ஹென்றி என்பார் விடைகண்ட எளிய கடலோரக் கணக்கை முதலிற் செய்து ஒப்பிடுதல் வேண்டும். அது பொருந்திய பின்னரே நம் கிணறுகளுக்கு வரலாம். அங்கும் திரையில் தோன்றும் அழகிய படம் சான்றாகாது; கிணற்றில் அளந்த மட்டமும் உவர்ப்புமே சான்று. எவ்வளவு இறைக்கலாம் என்பதிற் கணக்குப் பிழைத்தால், தோட்டமும் குடிநீரும் ஒருங்கே கெடும்.