கல்லில் எழுதிய அமுது

தமிழர் உணவு எதுவென்ற வாதம் நம்மிடையே அடிக்கடி எழுகிறது. வாதிப்போர் பலர், சான்று காட்டுவோர் சிலர். அச்சான்றோ நம் ஆலயச் சுவர்களிலேயே நூற்றாண்டுகளாகக் காத்திருக்கிறது.

அம்பாசமுத்திரத்து வட்டெழுத்துச் சாஸனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 9-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் வரகுண மகாராஜன் இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு ஒப்படைத்தான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி. ஆகமொத்தம் 580 கலம். முதலைத் தொடாது, வட்டி நெல்லைக் கொண்டே இறைவனுக்கு நாள்தோறும் அமுது படைக்கவேண்டுமென்பது ஏற்பாடு. அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, வெற்றிலை, பாக்கு யாவும் அதில் உள. காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று கறிகளும் வகுக்கப்பட்டுள்ளன. காயமென்ற பெயரில் மிளகு, மஞ்சள், சீரகம், சிறுகடுகு, கொத்தமல்லி ஆகியவை வருகின்றன.

இவ்வரிசையில் மிளகாய் இல்லை. இருக்கவும் முடியாது. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த அக்காய், 1498-இல் போர்த்துகீசியர் கோழிக்கோட்டில் வந்திறங்கிய பின்னரே இந்நாடு புகுந்தது. மிளகைப் போல் உறைத்ததால் மிளகாய் எனப் பெயரிட்டு அதை நம்முடையதாக்கிக் கொண்டோம். வந்த பொருளை ஏற்று வளர்ந்ததே நம் சமையல். இதில் நாணத்தக்கது யாதொன்றுமில்லை.

இச்சாஸனத்தில் புலாலும் இல்லை. இதைக் காட்டி, பண்டைத் தமிழர் அனைவரும் மரக்கறியே உண்டனர் என்று சாதிப்பாரும் உளர். இது பொருந்தாது. சாஸனம் கூறுவது தெய்வத்தின் அமுதை. ஊராரின் அடுப்பை அன்று. வீட்டிலும் விருந்திலும் ஊன் பரிமாறப்பட்டதைப் பொருநராற்றுப்படை முதலிய சங்க நூல்கள் ஒளிக்காமல் கூறுகின்றன.

முதலாம் இராஜேந்திரன் காலத்து எண்ணாயிரம் சாஸனம் 340 மாணாக்கருக்கு நாள்தோறும் அளக்கவேண்டிய நெல்லைக் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்நெல்லை விளைவித்த உழவன் அன்று என்ன உண்டான் என்பதை அது சொல்லவில்லை. கல்லில் ஏறுவதற்கு நிவந்தம் வேண்டும். கம்பங்கூழுக்கும் வரகுச் சோற்றுக்கும் நிவந்தம் எழுதி வைப்பார் யார்? ஏழையின் உணவென்று நெடுங்காலம் இகழப்பட்ட இத்தானியங்களுக்காக ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டையே ஒதுக்கிக் கொண்டாடியதை நாம் கண்டோம்.

ஆகவே, ஒருவன் இலையில் இருப்பதைப் பார்த்து, இவன் தமிழன், இவன் அல்லன் என்று தீர்ப்புக் கூறுவோருக்குச் சாஸனங்கள் துணை நிற்கமாட்டா. அவை சொல்வதைப் பெருமையோடு ஏற்போம். அவை சொல்லாது விட்டவர்களும் நம் முன்னோரே என்பதை மறவாதிருப்போம்.