சுருக்குப்பை ரகசியம்

பாட்டியின் இடுப்பில் இருக்கும் சுருக்குப்பை தெரியும்தானே? கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். நம் உடலில் ஓர் உயிரணு இரண்டாகப் பிரிவதும் அப்படித்தான். நடுவில் ஆக்டின், மயோசின் புரதங்களால் ஒரு வளையம் உருவாகி, இறுகி இறுகி அதை இரண்டாக்கும். தசைகளை இயக்குவதும் இதே புரதங்கள்தாம்.

இந்த வளையத்தை ஆராய்பவர் மோகன் பாலசுப்பிரமணியன். ஜொகூர் பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். பின்னர் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அவர் பெரிதும் ஆராய்ந்தது, ஆப்பிரிக்க பீரில் முதலில் கண்டெடுக்கப்பட்ட ஒரு வகை ஈஸ்ட்டை!

ஈஸ்ட்டுக்கும் நமக்கும் என்ன உறவு? உயிரணு எப்போது பிரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவை அதே ஈஸ்ட்டில் ஆராய்ந்த பால் நர்ஸின் குழு, அதற்கு இணையான மனித மரபணுவை 1987-இல் கண்டறிந்தது. அதைப் பழுதான ஈஸ்ட்டில் வைத்ததும், நின்றுபோன பிரிதல் மீண்டும் நடந்தது. 2001-இல் நர்ஸ் உட்பட மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கட்டுப்பாடு தவறினால் புற்றுநோய் வரலாம். 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மார்பகப் புற்றுநோய் மருந்தான பால்போசிக்லிப், அதே குடும்பத்துப் புரதங்களைத்தான் தடுக்கிறது.

எஸ்.பி.எம். முடித்த பிள்ளை உயிரியல் ஆய்வுக்குப் போகிறேன் என்றால், "அதில் என்ன வேலை கிடைக்கும்?" என்று உடனே கேட்டுவிடாதீர்கள்.