செயற்கை நுண்ணறிவும் காணொளிக் கலையும்

1895ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28ஆம் நாள், பாரிசு மாநகரில் ஓர் உணவு விடுதியின் நிலவறையில் மக்கள் சிலர் கூடியிருந்தனர். அவர்கள் எதிரே வெண்திரை ஒன்று தொங்கியது. விளக்குகள் அணைந்தன. திரையில் ஒரு தொழிற்சாலையின் வாயில் திறந்தது. தொழிலாளர் கூட்டமாக நடந்து வெளியே வந்தனர். ஒரு நிமிடமும் நீடியாத அந்தப் படத்தை எடுத்துக் காட்டியவர்கள் லூமியர் உடன்பிறந்தார். கட்டணம் செலுத்தி வந்தவர்கள் நிழல் நடப்பதைக் கண்டு வியந்தனர்.

நூற்றுப்பத்து ஆண்டுகள் சென்றன. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், யூடியூப் என்னும் இணையத்தளத்தில் முதற் காணொளி ஏறியது. அத்தளத்தை நிறுவியவருள் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக்காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று இரண்டொரு சொற்கள் பேசினார். அதன் நீளம் 19 விநாடி. அதில் கலை நயம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. ஆயினும், கேமராவும் இணையத் தொடர்பும் உடைய எவரும் உலகோர்க்குப் படம் காட்டலாம் என்னும் புதிய வழி அன்று திறந்தது.

இவ்விரண்டு நாள்களுக்கும் இடையில் திரைப்படம் பேசக் கற்றது, வண்ணம் பெற்றது, கொட்டகையை விட்டு வீட்டிற்குள் புகுந்தது, பின்னர் உள்ளங்கைக்கே வந்து சேர்ந்தது. இத்தனை மாறுதலுக்கும் இடையே ஒன்று மட்டும் பெரும்பாலும் மாறாதிருந்தது. படம் வேண்டுமானால், படமாகும் பொருள் கேமராவின் முன் நிற்க வேண்டும். யானையைக் காட்ட யானை வேண்டும். கையால் வரைந்த சித்திரப் படங்களும் இருந்தன; ஆனால் பேசும் எலியைக் கண்டு, அஃது உண்மை எலி என்று மயங்கிய குழந்தையும் இல்லை. இன்று அந்த நியதி தளர்ந்துவிட்டது. எந்தக் கேமராவும் காணாத யானையை, எந்தக் காட்டிலும் இல்லாத மரத்தடியில், உண்மை யானையே என்று கண் நம்பும்படி காட்டும் எந்திரம் வந்துவிட்டது. அதுவே செயற்கை நுண்ணறிவு.

காணொளி ஒன்று உருவாவதில் பல படிகள் உண்டு. பொருளைத் தேர்தல், உரை எழுதுதல், காட்சிகளை வகுத்தல், படம் எடுத்தல், குரல் சேர்த்தல், வெட்டித் தொகுத்தல், எழுத்துக்களைப் பொறித்தல் எனத் தொழில் நீளும். முன்பு இவை ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வேண்டியிருந்தது. இன்று ஒவ்வொரு படியிலும் எந்திரத் துணை கிடைக்கிறது. அத்துணையின் தன்மையை அறிய ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். கல்லணையைப் பற்றி ஐந்து நிமிடக் காணொளி ஒன்றைச் செய்ய ஒரு மாணவர் குழு முனைகிறது என்று வைத்துக்கொள்க.

முதல் வேலை திட்டமிடுதல். இதற்குப் பயன்படுவது மொழியைக் கையாளும் எந்திரம். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வெளிவந்த சாட்ஜிபிடி இவ்வகையைச் சேர்ந்தது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருதல் இயல்பு என்பதை இவ்வெந்திரம் கணக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறது. கேள்வி ஒன்றை இட்டால், அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து வைக்கிறது. பிறகு அதற்கு அடுத்ததை வைக்கிறது. இவ்வாறே விடை முழுவதும் நெய்யப்படுகிறது. “கல்லணையைப் பற்றி ஐந்து நிமிடத்திற்கு உரை எழுதுக, கேட்போர் எட்டாம் வகுப்பு மாணவர்” என்று பணித்தால், தொடக்கம், நடு, முடிவு என்று வகுத்துச் சில நொடிகளில் தந்துவிடும். காட்சிக்கு உகந்த இடங்களையும் குறித்துத் தரும். உரை நீண்டுவிட்டால் சுருக்கித் தரும். ‘இன்னும் எளிமையாக வேண்டும்’ என்று பத்து முறை கேட்டாலும் முகம் சுளிக்காது. எழுதத் தொடங்கும்போது ஏற்படும் தயக்கத்தை இத்துணை போக்கிவிடுகிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் எந்திரம் அறிந்தது சொற்களின் இயைபை. செய்தியின் மெய்ம்மையை அன்று. கல்லணை கட்டப்பட்ட ஆண்டு இன்னது என்று திட்டமாகக் கூறும் கல்வெட்டுச் சான்று இல்லை. கரிகாலன் கட்டியது என்பது வழிவழி வந்த செய்தி. காலத்தைப் பற்றி அறிஞர் பலவாறு கூறுவர். எந்திரமோ, ‘எந்த ஆண்டு?’ என்று வினவினால், ஓர் ஆண்டைச் சிறிதும் தயங்காமல் எழுதிவிடக்கூடும். பிழை பிழையாகத் தோன்றினால் திருத்துவது எளிது. இங்கோ பிழையும் நல்ல தமிழ் உடுத்து, மெய்யோடு மெய்யாக நடந்து வருகிறது. அதுதான் தொல்லை.

பெரிய நிறுவனங்களும் இத்தொல்லையில் சிக்கியதுண்டு. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் பார்டு என்னும் தன் எந்திரத்தை அறிமுகப்படுத்தி, அசையும் விளம்பரப் படம் ஒன்றை வெளியிட்டது. அதில், ஜேம்சு வெப் தொலைநோக்கியின் கண்டுபிடிப்புக்களைப் பற்றிக் கேட்ட வினாவுக்கு, ‘நம் ஞாயிற்றுக் குடும்பத்திற்கு வெளியே உள்ள கோளை முதன்முதலாகப் படம் பிடித்தது அதுவே’ என்னும் பொருள்பட எந்திரம் விடை அளித்தது. உண்மையில் அத்தகைய கோளின் படம் 2004ஆம் ஆண்டிலேயே, சிலி நாட்டில் உள்ள ஐரோப்பியத் தொலைநோக்கி ஒன்றால் எடுக்கப்பட்டுவிட்டது. வானியல் அறிந்தோர் உடனே பிழையைச் சுட்டினர். அந்நிறுவனத்தின் பங்குகளின் மதிப்பு ஒரே நாளில் ஏறத்தாழ 10,000 கோடி டாலர் சரிந்தது. விளம்பரம் வெளிவருமுன் யாரேனும் ஒருவர் ஒரு நூலைப் புரட்டிப் பார்த்திருந்தால் போதும்!

கல்லணைக் குழுவினர் அவ்வாறு புரட்டிப் பார்க்க வேண்டியவை பல. நீளம், உயரம், பிரியும் ஆறுகள், பின்னாளில் ஆர்தர் காட்டன் செய்த திருத்தங்கள் ஆகிய ஒவ்வொன்றையும் நூலகத்தில் ஒத்துப் பார்த்தல் வேண்டும். எந்திரம் அரை நிமிடத்தில் எழுதிய உரையைச் சரிபார்க்க அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளில்தான் குழுவினர் கல்லணையைப் பற்றி உண்மையில் கற்றுக்கொள்கின்றனர்.

அடுத்தது படம். சொல்லைக் கேட்டுப் படம் தீட்டும் எந்திரத்தின் செயல் விந்தையானது. வாயிலில் இட்ட மாக்கோலத்தின்மீது சிறிது சிறிதாக மணலைத் தூவுவதாக எண்ணுக. முதலில் கோடுகள் மங்கும். பின் உருவம் மட்டும் தெரியும். இறுதியில் மணலே எஞ்சும். படங்களை இவ்வாறு படிப்படியாக மறைத்து, ஒவ்வொரு படியிலும் தூவிய மணல் எது, அடியில் உள்ள கோலம் எது என்று பிரித்தறிய எந்திரத்தைப் பழக்குகின்றனர். எண்ணற்ற படங்களில் பழகிய பின், கோலமே இல்லாத வெறும் மணலை அதன் முன் வைத்து, ‘இதனடியில் ஆற்றங்கரையில் நிற்கும் யானை இருக்கிறது’ என்று சொல்கின்றனர். எந்திரம் அதை நம்பி மணலை நீக்கிக்கொண்டே போகிறது. முடிவில் யானை தோன்றுகிறது! மணல் என்று இங்குக் கூறியது, ஒழுங்கற்றுச் சிதறிய புள்ளிகளை.

அசையாப் படத்திற்கே இத்துணை உழைப்பு என்றால், அசையும் படத்திற்குக் கேட்க வேண்டியதில்லை. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஐந்து நிமிடத்திற்கு 7,200 படங்கள் ஆகும். முதற் படத்தில் சிவப்புச் சட்டை அணிந்தவன் நூறாம் படத்திலும் அதே சட்டையோடு, அதே முகத்தோடு இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட சோரா என்னும் எந்திரம் ஒரு நிமிடம் வரை இவ்வொழுங்கைக் காத்துக் காட்டியபோது உலகம் வியந்தது. 2025 மே மாதத்தில் வந்த வியோ 3 எட்டு விநாடிக் காட்சிகளை ஓசையோடும் பேச்சோடும் சேர்த்தே தந்தது. குறைகளும் உண்டு. கையில் ஆறாம் விரல் முளைக்கும். கடைப் பலகையில் எந்த மொழியிலும் அடங்காத எழுத்துத் தோன்றும்.

இவற்றினும் நுட்பமான குறை ஒன்று உண்டு. எந்திரம் பார்த்துப் பழகிய அணைகளுட் பெரும்பாலானவை வானளாவிய சிமிட்டிச் சுவர்களாக இருந்திருக்கும். ஆதலின் கல்லணையை வரையச் சொன்னால், மலைகளுக்கிடையே ஓங்கி நிற்கும் புதிய அணை ஒன்றை அது வரைந்து தரக்கூடும். உண்மைக் கல்லணையோ சமவெளியில், மணற்படுகையின்மேல், உயரமின்றி வளைந்து கிடப்பது. திருச்சியில் பேருந்து ஏறிச் சென்றால் கண்ணாரக் காணத்தக்க ஒன்றை எந்திரத்திடம் கேட்டுப் பெறுவது வீண் வேலை. நேரிற் சென்று கைப்பேசியால் எடுத்த படமே அங்குத் தக்கது. மதகருகே நிற்கும் முதியவர் ஒருவர் தண்ணீர் திறக்கும் நாளைப் பற்றித் தம் வாயாற் கூறுவாராயின், அது காணொளியின் உயிர்நிலை ஆகிவிடும். எந்த நூலிலும் ஏறாத அச்செய்தியை எந்திரம் எங்ஙனம் அறியும்?

ஆனால், பழங்கால மக்கள் பெரும்பாறைகளை ஆற்று மணலில் இட்டு, அவை புதையப் புதைய மேலும் அடுக்கி, இடையே களிமண் பூசி அணையை எழுப்பினர் என்பர். அக்காட்சியைக் காண எந்தக் கேமராவும் இல்லை. அங்கே எந்திரம் தீட்டும் சித்திரம் பொருத்தமானதே. ‘கற்பனைச் சித்திரம்’ என்னும் குறிப்பு மட்டும் திரையின் ஓரத்தில் இருத்தல் வேண்டும்.

பேச்சை எழுத்தாக்கும் எந்திரமும் பெரும் பயன் தருவது. 2022இல் வெளிவந்த விசுப்பர் என்பது 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பழகியது. இதனால் செவிப்புலன் இல்லாதாரும் காணொளியின் பேச்சைப் படித்தறிகின்றனர். ஆயினும் பயிற்சிப் பேச்சில் தமிழின் பங்கு சிறிதே. ணகர னகர வேறுபாட்டில் எந்திரம் இடறும். கல்லணை ‘கல்லனை’ ஆகிவிடும். திருத்தும் பொறுப்பு தமிழ் அறிந்தவரையே சாரும்.

குரலைப் படைக்கும் எந்திரத்தில்தான் அறத்தைப் பற்றிய வினா கூர்மையாக எழுகிறது. ஒருவரின் குரலைச் சிறிது நேரம் கேட்டாலே அதைப் போன்று பேசும் ஆற்றல் எந்திரத்திற்கு வந்துவிட்டது. 2022 மார்ச்சில், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், உக்ரைன் நாட்டு அதிபர் செலென்சுகி தம் படைவீரரை ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொல்வதாக ஒரு காணொளி பரவியது. அது பொய்ப்படம். தலை உடலோடு பொருந்தாமலும் குரல் வேறுபட்டும் இருந்தமையால் பலர் உடனே கண்டுகொண்டனர். அதிபரும் விரைந்து மறுத்துரைத்தார். அதை நம்பி ஒரு படைப்பிரிவேனும் ஆயுதத்தைக் கீழே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைய எந்திரம் பக்குவம் பெறாதிருந்தது. அதன் பின் வந்தவை மிகவும் தேர்ந்தவை.

அதே ஆற்றல் நல்வழியிலும் சென்றதுண்டு. 2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘லால் சலாம்’ என்னும் தமிழ்ப் படத்தின் பாடல் ஒன்றில், மறைந்த பாடகர்களான சாகுல் அமீது, பம்பா பாக்கியா ஆகிய இருவர் குரல்களையும் இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் எந்திரத்தின் துணையால் ஒலிக்கச் செய்தார். முன்னவர் மறைந்தது 1997இல். பின்னவர் மறைந்தது 2022இல். இருவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்றதாகவும், குரலுக்கு உரிய ஊதியம் வழங்கியதாகவும் ரகுமான் அறிவித்தார். இசைவும் ஊதியமும் இல்லாதிருந்தால் அது வேறு செயலாகியிருக்கும்.

உயிரோடு இருப்பவர்க்கும் இக்கவலை உண்டு. 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் 148 நாள்களும், நடிகர் 118 நாள்களும் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதியமே முதற் கோரிக்கை எனினும், எந்திரம் தம் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாகாது என்பதும் அவர்கள் வற்புறுத்திய ஒன்று. எந்திரம் எழுதியதை எழுத்தாளர் படைப்பாகக் கொள்ளலாகாது என்றும், நடிகரின் உருவத்தையும் குரலையும் போலியாகப் படைக்க அவரது இசைவும் ஊதியமும் வேண்டும் என்றும் ஒப்பந்தங்கள் ஏற்பட்டன.

2024 மார்ச்சு முதல் யூடியூப் தளமும் ஒரு விதியை வகுத்தது. உண்மை போலத் தோன்றும் காட்சியை எந்திரத்தால் படைத்தவர், காணொளியை ஏற்றும்போதே அதனைத் தெரிவித்தல் வேண்டும். உரை எழுதவோ எழுத்துக்களைப் பொறிக்கவோ எந்திரத் துணை கொண்டதை அறிவிக்க வேண்டியதில்லை. பறக்கும் குதிரை போன்ற, எவரும் மயங்காத கற்பனைக்கும் விலக்கு உண்டு. கல்லணைக் குழுவினர் பாறை அடுக்கும் காட்சிக்கு மட்டும் அறிவிப்புச் செய்தால் போதும். மதகருகே பேசிய முதியவரின் காட்சிக்கு அறிவிப்பு வேண்டியதில்லை. அவர் பெயரையும் ஊரையும் திரையில் இடுவதற்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுதல் மட்டும் வேண்டும்.