கேரண்ட், பெடர்சன் துப்பாக்கிகள்: சிக்கன காலத்தில் ஒரு தேர்வு

கேரண்ட், பெடர்சன் என்பவை 1920களிலும் 1930களின் தொடக்கத்திலும் அமெரிக்கத் தரைப்படையின் தேர்வுக்காகப் போட்டியிட்ட இரண்டு அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் ஆகும். இவ்விரண்டும் இயங்கும் முறையில் முற்றிலும் மாறுபட்டவை. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய ஆண்டுகளில், படைக்கான நிதி மிகவும் குறைந்திருந்தபோது, இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இறுதியில் கேரண்ட் துப்பாக்கி 1936-இல் எம்1 என்ற பெயரில் ஏற்கப்பட்டது. ஆனால் சோதனைக் குழு பரிந்துரைத்த தோட்டா ஏற்கப்படவில்லை. துப்பாக்கியின் திறனும் தோட்டாவின் செலவும் ஒன்றோடொன்று மோதிய இத்தேர்வு, படைக்கல வரலாற்றில் இன்றும் விவாதிக்கப்படுகிறது.

அரைத் தானியங்கித் துப்பாக்கி என்றால் என்ன?

முதல் உலகப் போரில் பெரும்பாலான காலாட்படை வீரர்கள் வைத்திருந்தவை கைத்தாழ்த் துப்பாக்கிகள். அவற்றில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் வீரர் தாழைக் கையால் தூக்கிப் பின்னால் இழுத்து, காலித் தோட்டாவை வெளியேற்றி, மீண்டும் முன்னே தள்ளிப் பூட்ட வேண்டும். அதன் பிறகே அடுத்த குண்டைச் சுட முடியும். அமெரிக்கப் படையின் எம்1903 ஸ்பிரிங்ஃபீல்டும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்கிறது. வெடிமருந்து எரியும்போது உண்டாகும் ஆற்றலின் ஒரு பகுதி, காலித் தோட்டாவை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுகிறது. வீரர் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு மட்டுமே பாயும். அடுத்த குண்டுக்கு விசையை விட்டு மறுபடி அழுத்த வேண்டும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை தொடர்ந்து சுடும் முழுத் தானியங்கித் துப்பாக்கியிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்.

இதன் பயன் வேகம் மட்டுமன்று. தாழை இயக்குவதற்காகக் கையை எடுக்க வேண்டியதில்லை என்பதால், வீரர் குறியிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்தடுத்துச் சுடலாம்.

இரண்டு வடிவமைப்பாளர்கள்

ஜான் டக்ளஸ் பெடர்சன் (1881–1951) அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்தவர். ரெமிங்டன் நிறுவனத்துக்காகப் பல துப்பாக்கிகளை வடிவமைத்துப் புகழ்பெற்றிருந்தார். முதல் உலகப் போரின் இறுதியில், கைத்தாழ்த் துப்பாக்கியைச் சிறு தோட்டாக்களைச் சுடும் அரைத் தானியங்கியாக மாற்றும் ஒரு கருவியை இரகசியமாக உருவாக்கித் தந்தவரும் இவரே. போர் முடிந்துவிட்டதால் அக்கருவி களத்துக்குப் போகவில்லை. 1920களில் படைத்தளவாடத் துறை இவருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, புதிய துப்பாக்கி ஒன்றையும் அதற்கான தோட்டாவையும் உருவாக்கும் பணியை ஒப்படைத்தது.

ஜான் கேரண்ட் (1888–1974) கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்து, சிறுவயதிலேயே குடும்பத்துடன் அமெரிக்காவுக்கு வந்தவர். ஆலைகளில் வேலை பார்த்து இயந்திரக் கருவிகளை வடிவமைக்கக் கற்றுக்கொண்டவர். 1919-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த அரசின் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையில் சேர்ந்தார். பெடர்சன் ஒப்பந்த அடிப்படையில் வந்த வல்லுநர்; கேரண்டோ மாதச் சம்பளம் வாங்கிய அரசு ஊழியர். இருவரும் ஒரே படைக்கலச் சாலையில் தனித்தனியாகத் தத்தம் துப்பாக்கியை உருவாக்கினர்.

இரண்டு இயங்குமுறைகள்

பெடர்சன் துப்பாக்கியில் மடக்குமூட்டு முறை பயன்பட்டது. இதை முழங்காலோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். காலை நேராக நீட்டி நிற்பவரை மேலிருந்து அழுத்தினால் முழங்கால் எளிதில் மடங்காது. சற்றே வளைந்து நின்றால் விரைவில் மடங்கிவிடும். அதுபோல, சுடும் கணத்தில் கிட்டத்தட்ட நேராக இருக்கும் மூட்டு, தோட்டாவின் பின்னுந்தலைச் சற்று நேரம் தடுத்து நிறுத்தும். குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் குறைந்ததும் மூட்டு மேல்நோக்கி மடங்கித் திறக்கும். வாயுவைக் கொண்டுசெல்லும் தனிக்குழாயோ உந்துதண்டோ இதில் தேவையில்லை. எனவே துப்பாக்கி எடை குறைந்ததாகவும் பிடிக்க வசதியானதாகவும் இருந்தது.

இம்முறையில் குறைகளும் இருந்தன. அழுத்தம் முழுவதும் அடங்குவதற்கு முன்பே காலித் தோட்டா வெளியேறத் தொடங்குவதால், அது குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளக்கூடும். இதைத் தவிர்க்க, பெடர்சன் தோட்டாக்களின் மீது மிக மெல்லிய மெழுகுப் பூச்சு இட்டார். பூச்சு உலர்ந்து கெட்டியாக இருந்தாலும், ஒவ்வொரு தோட்டாவுக்கும் கூடுதலாக ஒரு தயாரிப்பு வேலை சேர்ந்தது. பூச்சில்லாத தோட்டாக்களை அத்துப்பாக்கியில் நம்பிப் பயன்படுத்த இயலாது. மூட்டின் பாகங்களும் மிக நுண்ணிய அளவுத் துல்லியத்துடன் செய்யப்பட வேண்டியிருந்தன.

கேரண்ட் வேறு வழியில் சென்றார். குண்டுக்குப் பின்னால் வரும் வெடிவாயுவில் ஒரு சிறு பகுதி, குழலின் முன்முனைக்கு அருகில் ஓர் உந்துதண்டைப் பின்னே தள்ளும். அத்தண்டு தாழைத் திருப்பிப் பூட்டைத் திறந்து, காலித் தோட்டாவை வெளியேற்றும். பின்னர் சுருள்வில் தாழை முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும். தாழ் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்கும் நிலையிலேயே குண்டு வெளியேறுவதால் தோட்டாவுக்கு மெழுகுப் பூச்சு தேவைப்படவில்லை. கூடுதல் பாகங்களால் எடை சற்று ஏறியது. ஆனால் இயந்திரக் கருவி வடிவமைப்பாளரான கேரண்ட், ஒவ்வொரு பாகத்தையும் தொழிற்சாலையில் எப்படிப் பெருமளவில் செய்வது என்பதையும் சேர்த்தே சிந்தித்து வடிவமைத்தார்.

தோட்டா குறித்த விவாதம்

அக்காலத்தில் அமெரிக்கப் படையின் தோட்டா 0.30 அங்குல (7.62 மி.மீ.) விட்டமுள்ளது. 1906 முதல் பயன்பாட்டில் இருந்த இத்தோட்டா தொலைவில் சுடுவதற்கு ஏற்றது. ஆனால் அதன் ஆற்றல் மிகுதியாக இருந்ததால், அரைத் தானியங்கித் துப்பாக்கியின் பாகங்கள் கனமாக இருக்க வேண்டியிருந்தது; பின்னுதைப்பும் வலுவாக இருந்தது. எனவே பெடர்சன் 0.276 அங்குலத் தோட்டாவை உருவாக்கினார். அது எடையிலும் நீளத்திலும் குறைந்தது. ஒரே சுமையில் வீரர் கூடுதல் தோட்டாக்களைத் தூக்கிச் செல்ல முடியும்.

சிறிய குண்டு எதிரியைத் தடுத்து நிறுத்துமா என்ற ஐயம் அதிகாரிகளிடம் எழுந்தது. 1928-இல் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பன்றிகளின் மீது 0.256, 0.276, 0.30 அங்குலக் குண்டுகளைச் சுட்டு ஆராய்ந்தார்கள். வழக்கமான போர்த் தொலைவுகளில் சிறிய குண்டுகள் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல என்று தெரிந்தது. இதற்குப் பின் 0.276 தோட்டாவுக்கு ஆதரவு பெருகியது. கேரண்டும் தம் துப்பாக்கியை அதே தோட்டாவுக்கு ஏற்ப அமைத்தார். 0.30 தோட்டாவுக்கான மற்றொரு வடிவமும் அவர் கையில் வளர்ந்துவந்தது.

சோதனையும் முடிவும்

1929-இலும் 1931-இலும் நடந்த சோதனைகளில் இரு துப்பாக்கிகளும் ஒப்பிடப்பட்டன. கீழ்க்காணும் கூறுகள் முதன்மையாகக் கருதப்பட்டன.

• எடை: பெடர்சன் துப்பாக்கி இலகுவானது.
• தோட்டா: பெடர்சனுக்கு மெழுகிட்ட தோட்டா தேவை, கேரண்டுக்குச் சாதாரணத் தோட்டா போதும்.
• உற்பத்தி: பெடர்சனின் பாகங்களுக்கு மிகுந்த துல்லியம் தேவை, கேரண்ட் பெருமளவு உற்பத்திக்கு ஏற்றது.
• பயன்பாடு: பெடர்சனின் மூட்டு ஒவ்வொரு முறையும் சுடுபவரின் முகத்துக்கு முன்னால் மேலெழுந்து மடங்கியது.
• கொள்ளளவு: 0.276 தோட்டாவுடன் இரண்டும் பத்துக் குண்டுகள் கொண்டவை.

1932 ஜனவரியில் சோதனைக் குழு 0.276 தோட்டாவைச் சுடும் கேரண்ட் துப்பாக்கியை ஏற்கலாம் எனப் பரிந்துரைத்தது. பெடர்சனின் துப்பாக்கி தோற்றாலும் அவருடைய தோட்டா வென்றதுபோல் தோன்றியது. ஆனால் பிப்ரவரி மாதத்தில், அப்போது தரைப்படைத் தலைவராக இருந்த டக்ளஸ் மக்கார்தர், தோட்டாவை மாற்றும் யோசனையை நிராகரித்தார்.

இம்முடிவின் பின்னணியில் இருந்தது செலவுக் கணக்கு. முதல் உலகப் போரிலிருந்து மிஞ்சிய 0.30 தோட்டாக்கள் ஏராளமாகக் கையிருப்பில் இருந்தன. படையின் இயந்திரத் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை அதே தோட்டாவைச் சுடுபவை. புதிய தோட்டாவை ஏற்றால், புதிய உற்பத்திக் கருவிகள் வேண்டும். போர்க்களத்தில் இருவகைத் தோட்டாக்களைத் தனித்தனியாகக் கொண்டுசேர்க்க வேண்டும். வேலையின்மையும் வங்கி முறிவுகளும் நாட்டை வாட்டிய அந்த ஆண்டில் இதற்கான பணத்தைக் கேட்டுப் பெறுவது எளிதன்று.

கேரண்டின் 0.30 வடிவத்தில் முந்தைய ஆண்டுதான் தாழில் விரிசல் கண்டிருந்தது. அக்குறையைச் சரிசெய்து அவர் அதை மீண்டும் சோதனைக்கு அனுப்பினார். 1934-இல் 75 துப்பாக்கிகள் படைப்பிரிவுகளுக்கு அளிக்கப்பட்டன. அங்கே கண்ட குறைகளும் களையப்பட்ட பின், 1936 ஜனவரி 9 அன்று எம்1 துப்பாக்கி முறைப்படி ஏற்கப்பட்டது. இதில் எட்டுத் தோட்டாக்கள் கொண்ட உலோகப் பற்று ஒன்றை மேலிருந்து செருக வேண்டும். துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 4.3 கிலோ.

முடிவின் விளைவுகள்

உற்பத்தி மெதுவாகவே தொடங்கியது. 1937-இல் நாளொன்றுக்கு பத்துத் துப்பாக்கிகளே வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளில் அது நூறாக உயர்ந்தது. 1941 தொடக்கத்தில் 600 ஆனது. வாயுவைப் பிடிக்கும் அமைப்பிலும் இடையில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் நுழைந்தபோது, அரைத் தானியங்கித் துப்பாக்கியைக் காலாட்படையின் பொதுத் துப்பாக்கியாகக் கொண்டிருந்த நாடு அது ஒன்றே. ஜெர்மனி, ஜப்பான், பிரிட்டன் ஆகியவற்றின் வீரர்களும், பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் பெரும்பாலும் கைத்தாழ்த் துப்பாக்கிகளுடனேயே போரிட்டனர். எம்1 துப்பாக்கி முதலில் போரைக் கண்டது பிலிப்பைன்சில். அங்கே தலைமை தாங்கியவர் அதே மக்கார்தர் என்பது குறிப்பிடத்தக்கது. போர் முடியும்போது சுமார் 40 இலட்சம் எம்1 துப்பாக்கிகள் உற்பத்தியாகியிருந்தன.

அரசு ஊழியர் என்பதால், தம் கண்டுபிடிப்பின் உரிமையை அரசுக்கே அளித்த கேரண்டுக்கு ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு என்ற உரிமத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. அவருக்கு ஒரு இலட்சம் டாலர் வழங்கக் கோரி நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவும் நிறைவேறவில்லை. 1953-இல் அவர் ஓய்வுபெற்றார்.

மதிப்பீடு

மக்கார்தரின் முடிவு சரியா என்பதில் இரு கருத்துகள் உள்ளன. தோட்டாவை மாற்றியிருந்தால் பணமும் காலமும் செலவாகி, போர் தொடங்கும்போது புதிய துப்பாக்கியே கிடைத்திருக்காது என்பது ஒரு கருத்து. முதல் உலகப் போரின் கையிருப்பைக் காப்பாற்றியதால் பெரிய பயன் இல்லை, இரண்டாம் போருக்காக ஆயிரக்கணக்கான கோடித் தோட்டாக்களைப் புதிதாகவே செய்ய நேர்ந்தது, எனவே சிறிய தோட்டாவின் நன்மை வீணாக இழக்கப்பட்டது என்பது மற்றொன்று. 1960களில் அமெரிக்கப் படை 5.56 மி.மீ. தோட்டாவுக்கு மாறியதும், 2022-இல் 6.8 மி.மீ. தோட்டாவைச் சுடும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்ததும், 1932-இல் எழுந்த கேள்வி அத்தோடு முடிந்துவிடவில்லை என்பதைக் காட்டுகின்றன.

துப்பாக்கித் தேர்வைப் பொறுத்தவரை ஐயம் குறைவு. பெடர்சனின் துப்பாக்கி கைக்கு இலகுவாகவும் நேர்த்தியாகவும் இருந்தது. ஆனால் மெழுகுப் பூச்சு, நுண்ணிய அளவுகள் ஆகிய அதன் தேவைகள் ஒவ்வொரு துப்பாக்கியோடும் ஒவ்வொரு தோட்டாவோடும் தொடர்ந்து வரும் செலவுகள். ஒரு கருவியின் உண்மையான விலை, அதை வாங்கும் நாளில் கொடுக்கும் தொகை மட்டுமன்று. அதற்கு ஊட்ட வேண்டிய தோட்டா, அதைச் செய்யும் தொழிற்சாலை, பழுது பார்க்கும் கை ஆகியவையும் அக்கணக்கில் சேரும். கேரண்டின் வெற்றிக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.