உங்களுக்குத் தெரியுமா? இறைச்சி ரொட்டிக்கு ஈரமே எதிரி

அமெரிக்காவின் டெக்சஸில் செக் வம்சாவளியினரின் பேக்கரிகளில் விற்கும் ‘குளோபாஸ்னிக்’, பாலும் வெண்ணெயும் சேர்த்த லேசான இனிப்பு ஈஸ்ட் மாவுக்குள் சாசேஜ் வைத்துச் சுடும் பண்டம். 19-ஆம் நூற்றாண்டில் மொராவியாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ‘கொலாச்சே’ என்ற முன்னோடிப் பண்டம், பழமும் கசகசாவும் வைத்த இனிப்புதான். இறைச்சி டெக்சஸில் சேர்ந்தது. அங்கே வைப்பது பெரும்பாலும் புகைபோட்ட, ஏற்கெனவே வெந்த சாசேஜ். அது இந்த மாவுக்குப் பொருந்துவதற்கு ருசியைவிட ஈரக் குறைவே பெரிய காரணம் என்பேன். வீட்டில் அதற்குப் பதிலாகப் பச்சைக் கொத்துக்கறியை வைத்தால், சூட்டில் அது விடும் நீரும் கொழுப்பும் அடிமாவில் ஊறி, மேலே பொன்னிறமாகச் சிவந்த ரொட்டி அடியில் களியாகவே நிற்கும்.

மத்திய ஆசியச் சம்சாவில் பச்சைக்கறிதானே வைக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அது பெரும்பாலும் ஈஸ்ட் சேராத மாவு. தந்தூரின் கடும் சூட்டில் சுடுவது. வீட்டு ஓவனில் மென்மையான ஈஸ்ட் மாவுக்கு அந்தச் சலுகை இல்லை. கறியை முதலில் வதக்கி, நீர் சுண்டியதும் கொழுப்பை வடித்து, முழுக்க ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக வைத்தால் மாவிலுள்ள வெண்ணெய் உருகும். 60 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஈஸ்டும் செத்துவிடும்.